குழாயில் வராத குரல்

கிட்டாரைக் குலுக்கினால் உள்ளே என்னவோ உருண்டது. வாங்கி நான்கு நாள்கூட ஆகவில்லை. செமி ஹாலோ வகை பேஸ் கிட்டார் அது. நடுவில் ஒரு மரக்கட்டை ஓடும், அதன் இரண்டு பக்கமும் வெற்று அறை, மேல்பலகையில் வயலினில் இருப்பதுபோல எஃப் வடிவ ஓட்டைகள். கேபிள் செருகும் ஜாக்கின் நட்டு கொரியரில் வரும்போதே தளர்ந்திருக்க வேண்டும். நான் அதைக் கவனிக்காமல் கேபிளைத் திருகித் திருகிச் செருகியதில் நட்டு கழன்று தரையில் விழுந்தது, ஜாக் உள்ளே விழுந்தது, அதன் ஒயர் ஒன்று அறுந்தது. உருண்டது வாஷர்.

சென்னையில் இருந்திருந்தால் ஏதாவது கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். நான் இருப்பது பள்ளத்தூரில். வீட்டிலிருந்தே வேலை என்று கம்பெனி சொன்ன காலத்தில் வந்தவன், மாதம் சில நாள் மட்டும் ஆபீஸ் போய்வருகிறேன். காரைக்குடிக்குப் போனாலும் இதைப் பிரித்துப் பார்க்க ஆள் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, நான் குலுக்குவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னப்பா, இம்புட்டுக் காசு குடுத்து உண்டியலா வாங்கியிருக்க?”

இந்தக் கட்டுரை இளையராஜாவின் பாடல்களில் ஒலிக்கும் பேஸ் பற்றியது. அதற்கு எதற்கு ரிப்பேர் கதை என்றால், ரிப்பேர் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பற்றி நான் எழுதியதில் பெரும்பகுதி தப்பு. மூன்று வருடத்துக்கு முன் எழுதிய ஒரு கட்டுரையை இப்போது எடுத்துப் படித்தேன். ‘ஆழம்’ என்ற சொல் பதினோரு தடவை வருகிறது. ‘அடிநாதம்’ ஆறு தடவை. ஒரு இடத்தில் ‘கருவறையின் இருட்டு’ என்றுகூட எழுதியிருக்கிறேன். அந்த இசை எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒரு வரி இல்லை. நம் இணைய இதழ்களில் ராஜாவைப் பற்றி வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்: எழுதுகிறவன் எப்படி உருகினான் என்பதன் அறிக்கை. உருகியது உண்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுப் பாட்டைப் போட்டால் புதிதாக ஒன்றும் கேட்காது.

அப்பா இங்கே மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ரேடியோதான். வேப்பமரத்தில் ஏறிக் கட்டுவார். இரண்டு குழாயை ஊரைப் பார்த்துத் திருப்பி, ஒன்றைக் கானாடுகாத்தான் ரோட்டைப் பார்த்து வைப்பார், அந்த ஊர்க்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று. ஆச்சி மனோரமா சின்ன வயதில் வளர்ந்த ஊர் இது. எந்த விசேஷத்துக்கும் அவர் பாடிய பாட்டு ஒன்றாவது போடாமல் விடமாட்டார். மற்றபடி எண்பதுகள் முழுக்க ராஜாதான்.

அவருடைய ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிள் என்று ஒரு குமிழ், பேஸ் என்று ஒரு குமிழ். பேஸ் குமிழ் எப்போதும் இடதுகோடியில் இருக்கும். சின்ன வயதில் ஒருமுறை அதைத் திருப்பியதற்கு மண்டையில் ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன். “யூனிட் போயிரும்டா.” அது மூடநம்பிக்கை அல்ல. குழாய் ஸ்பீக்கரின் கழுத்தில் இருக்கும் யூனிட்டில் உள்ளது ஒரு சின்னத் தகடு. அந்தக் குழாய் தாங்கும் எல்லைக்குக் கீழே உள்ள அதிர்வுகளை உள்ளே அனுப்பினால் வெளியே சத்தமாக ஒன்றும் வராது, தகடு மட்டும் எகிறி எகிறிக் கிழியும். 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய் ஏறக்குறைய ஊமை. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளையும் ஃப்ரெட்டில் அமுக்காமல் மீட்டினால் வரும் சுரங்கள் தோராயமாக 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். ஆக, இந்த ஊருக்கு எங்கள் வீட்டிலிருந்து போன ஆயிரக்கணக்கான பாட்டுகளிலிருந்து பேஸை வடிகட்டி அனுப்பியவர் என் அப்பா. காசு கொடுத்து வாங்கிய யூனிட்டைக் காப்பாற்றுவதற்காக.

இதை நான் ஒரு விமர்சனப் பிரச்சினையாகவே பார்க்கிறேன். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ராஜாவின் பாடல்களைத் தமிழ்நாடு எதில் கேட்டது? குழாய் ரேடியோ, டிரான்சிஸ்டர், உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த டேப் ரிக்கார்டர். நம் பக்கம் இலங்கை வானொலி நன்றாக எடுக்கும், அதுவும் அதே டிரான்சிஸ்டரில்தான். அந்தத் தலைமுறை ராஜாவைப் பற்றிப் பேசும்போது குரலையும் வரியையும் புல்லாங்குழலையுமே பேசுகிறது. நாம் இயர்போனை மாட்டிக்கொண்டு, “இவங்களுக்கு பேஸ்னா என்னன்னே தெரியல” என்று மீம் போடுகிறோம். அவர்கள் காதில் குறையில்லை. அவர்களுக்கு வந்து சேர்ந்த பொருள் வேறு.

முழுக்கச் சேரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும்போது 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கும. சின்ன ஸ்பீக்கர் அடிச் சுரத்தை விழுங்கிவிட்டு மடங்குகளை மட்டும் தந்தாலும், அவற்றின் இடைவெளியைக் கணக்குப் போட்டு மூளை அந்த 41-ஐத் தானே செய்துகொள்கிறது. இல்லாத சுரம் கேட்கும். டீக்கடை டிரான்சிஸ்டரில் பேஸ் தொடையில் இடிக்கவில்லை, ஆனால் அதன் நடை தெரிந்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நடப்பதற்கு அங்கே ஒரு நடை இருக்க வேண்டும். ஒரே சுரத்தில் நின்று தாளம் மட்டும் இடிக்கும் பேஸ் அந்த ஸ்பீக்கரில் காணாமலே போய்விடும். ராஜாவின் பேஸ் தப்பித்ததற்கு அது பெரும்பாலும் ஒரு மெட்டு என்பதே காரணம்.

ரசிகர்கள் சொல்வதுபோல பேஸைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர் அல்ல. எம்.எஸ்.வி.யின் குழுவிலும் பேஸ் இருந்தது. ராஜா செய்தது, அதற்குப் பேசும் உரிமை கொடுத்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், கிட்டார்காரர், பாஹ் மீது பித்துக் கொண்டவர். 1986-ல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். பாஹிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது பக்தியை மட்டுமல்ல, ஒரு கைவினையை: கீழே போகும் குரலும் மேலே போகும் குரலைப் போலவே தனியாகப் பாடக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’. திரையில் பிரதாப் போத்தன் கையில் ஒரு கிட்டார். அது நம் கண்ணுக்குத் தெரியும் வாத்தியம், பேஸ் எங்கிருந்து வருகிறது என்று காட்சியில் பதில் இல்லை. யேசுதாஸ் ஒரு சொல்லை நீட்டி நிற்கிறார். குரல் அசையவில்லை. அப்போது கீழே பேஸ் நகர்கிறது. நகர்ந்ததும் அசையாத அந்தக் குரலின் பொருள் மாறுகிறது. இது மாயம் இல்லை, எளிய கணக்குதான். பாடகர் பிடித்திருக்கும் சுரம் ‘க’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பேஸ் ‘ஸ’ வாசித்தால் அந்த ‘க’ வெளிச்சமாக, வீட்டில் இருப்பதுபோலக் கேட்கும். பேஸ் இறங்கி ‘த’வுக்குப் போனால், அதே ‘க’ இப்போது வேறொருவர் வீட்டின் ஐந்தாவது ஆள். குரலில் ஒரு நூலிழை மாறவில்லை, நம் முகம் மாறிவிடுகிறது. பாட்டு வரியில் சொல்லாத சந்தேகம் ஒன்று பேஸில் வந்துபோகிறது. நான் ‘ஆழம்’ என்று பதினோரு தடவை எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அது ஆழம் இல்லை, வாதம். மெட்டு ஒன்று சொல்கிறது, பேஸ் “அப்படியா?” என்கிறது.

சரி, கிட்டாருக்கு வருகிறேன்.

அப்பா எழுந்து போய் சைக்கிள் பிரேக் ஒயர் ஒன்றைக் கொண்டுவந்தார். எஃப் ஓட்டை வழியாக ஜாக்கைக் கம்பியால் கொக்கி போட்டு வெளியே இழுத்து, அறுந்த ஒயருக்கு ஈயம் வைத்தோம். வைத்தது அவர், டார்ச் பிடித்தது நான். கை நடுங்குகிறது, ஆனால் சால்டரிங் முனை ஜாக்கில் பட்டதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. பிறகு பிரேக் ஒயரை ஜாக் இருக்கவேண்டிய துளை வழியாக உள்ளே விட்டு, எஃப் ஓட்டையில் வெளியே எடுத்து, ஜாக்கின் குழல் வழியாகக் கோர்த்து, நுனியில் முடிச்சு. இந்தப் பக்கமிருந்து மெல்ல இழுத்தால் ஜாக் தானாக வந்து துளையில் தலையை நீட்டியது. வாஷர், நட்டு, முடிந்தது. யூடியூபில் இதற்கு நாற்பது நிமிட வீடியோ இருக்கிறது. அவருக்கு ஐந்து நிமிடம். “சுவத்துக்குள்ள பைப்புல ஒயர் இழுக்கிற மாதிரிதான.”

ஆம்பில் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல். கம்பியைத் தொட்டால் விரலில் லேசாகச் சுர்ரென்றது. அப்பா உடனே சுவிட்சை அணைத்தார். டெஸ்டரும் பல்பும் வைத்து பிளக் பாயிண்டைப் பார்த்துவிட்டு, “மூணாவது பின்னுல ஒண்ணுமே இல்ல, சும்மா அழகுக்கு வச்சிருக்கான்” என்றார். வயரிங் செய்தவர் யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் கொடுத்தோம். வெயில் காலத்தில் தினம் ஒரு குடம் தண்ணீர் அதற்கு ஊற்ற வேண்டும். என் கிட்டாரின் பராமரிப்பில் இப்போது அதுவும் ஒரு வேலை.

அடுத்தது கழுத்து. முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் எந்தச் சுரமும் ‘ஜ்ஜ்’ என்று இரைந்தது. நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை 60 கிலோவுக்கு மேல் முன்னால் இழுக்கின்றன. உள்ளே ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி பின்னால் இழுக்கிறது. இந்த இழுபறியில் கழுத்து சற்றே முன்வளைந்து நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் செட்டிநாட்டுக் காற்று மரத்திலிருந்த ஈரத்தை உறிஞ்சியதும் வளைவு போய்விட்டது. முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அமுக்கிப் பிடித்து, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழையவில்லை. ராடைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு ஒரு இரவு விட்டேன். காலையில் நுழைந்தது. கோடிங்கில் இல்லாத சுகம் இது: மாற்றத்தைச் செய்துவிட்டு மரம் ஒத்துக்கொள்ளும்வரை தூங்கலாம்.

பிறகு சுருதி. அமுக்காத கம்பி சரியாக இருக்கும், 12-வது ஃப்ரெட்டில் அமுக்கினால் மேலே ஏறியிருக்கும். அமுக்கும்போது கம்பி இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி கூடும். அதை ஈடுகட்டப் பாலத்தில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் தள்ளிக் கம்பியை நீட்ட வேண்டும். என் கிட்டார் நீளம் குறைந்த வகை, 30 அங்குலத்துக்குச் சற்று மேல். அதில் தடித்த ஈ கம்பிக்கு இந்த முரண்டு அதிகம். ஸ்க்ரூ கடைசிவரை போயும் இரண்டு மூன்று சென்ட் மிச்சம். எல்லா ஃப்ரெட்டிலும் சரியாக இருக்கும் பேஸ் உலகத்தில் கிடையாது. எங்கே பொய் சொல்வது என்று நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

காரைக்குடிப் பக்கம் இதைப் பேசினால் வீணையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் காரைக்குடி சகோதரர்கள் என்ற பெயரில் வாசித்த ஊர் அது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மேளம் கட்டுகிறவர் ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு நகர்த்தி வைப்பார். மெழுகு தளர்ந்தால் மறுபடி கட்டலாம். கிட்டாரில் ஃப்ரெட்டை ஆலையில் அடித்து அனுப்பிவிடுகிறார்கள், நம் கையில் இருப்பது பாலத்து ஸ்க்ரூ மட்டும். ராக சுத்தம் பார்க்கிறவர்கள் ராஜாவின் பேஸைக் குறைசொல்லும் இடம் இதுதான்: சமமாக வெட்டிய ஃப்ரெட்டை ராகத்துக்கு அடியில் வைத்தால் கமகம் நொண்டும் என்று. பாதி நியாயம். ஆனால் நல்ல பாடல்களில், குரல் அசையும் இடத்தில் பேஸ் நின்றுவிடுகிறது, அல்லது வழுக்கிக்கொண்டு போகிறது. குரலோடு ஒரே மூச்சில் மோதுவதில்லை. சங்கடத்தை அவர் சுரத்தால் தீர்க்கவில்லை, நேரத்தால் தீர்க்கிறார்.

எல்லாம் சரிசெய்து, ‘பொன் நிலாவே’ பேஸை வாசிக்க உட்கார்ந்தேன். சுரங்கள் எனக்கு மனப்பாடம். வாசித்தால் குப்பை. பதிவு செய்து கேட்டால் ஒரே குழம்பு, ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலையில் ஏறுகிறது. வெற்று அறை உள்ள கிட்டாரில் சுரம் உடம்புக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் பதிவை வேகம் குறைத்துப் போட்டு, சுரம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதை விட்டு, எங்கே முடிகிறது என்று கேட்டேன். ஒவ்வொரு சுரமும் ஒரு கையால் நிறுத்தப்பட்டிருக்கிறது. சில பாதியில், சில அடுத்ததற்கு ஒரு நூல் முன்னால். அந்த நிறுத்தங்கள்தான் பாட்டு மூச்சு விடும் இடம். பழைய ஹவாய் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பாலத்துக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் ஃபெண்டரிலும் அந்த இடத்தில் ஸ்பான்ஜ்தான் இருந்தது. பாதி குழம்பு தெளிந்தது. மீதி விரலில் இருக்கிறது, அதற்கு ஸ்க்ரூ கிடையாது.

ராஜா எல்லா வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர், பேஸ் உட்பட. இது எல்லாருக்கும் தெரியும். இதை வைத்து “எல்லாம் அவர் மண்டையில இருந்து வந்தது, வாசிச்சவங்க டைப்பிஸ்ட்” என்று ஒரு கட்சி உண்டு. நானும் அதில் இருந்தவன். சுரம் எது, எப்போது என்பது தாளில் இருக்கிறது. நீளத்தையும் ஓரளவு எழுதலாம். ஆனால் சுரத்தை எந்த விரல் எவ்வளவு அழுத்தத்தில் கொன்றது என்பதைத் தாளில் எழுத முடியாது. அந்தப் பாடல்கள் பலவற்றில் பேஸ் வாசித்தவர் சசிதரன். படத்தின் டைட்டிலில் வாத்தியக்காரர் பெயர் வராது. அமெரிக்காவிலும் பெரிய வித்தியாசமில்லை, ஜேமர்சன் போன்றவர்களின் பெயரை மோட்டவுன் உறையில் அச்சடித்தது 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான். எழுதியவரைக் குறைக்காமலே இதைச் சொல்லலாம். எழுதியவர் தாளை முடித்த இடத்தில் இன்னொருவர் விரல் தொடங்குகிறது, நாம் கேட்பது இரண்டையும் சேர்த்துத்தான்.

இதனால்தான் பழைய பாடல்களுக்கு ‘பேஸ் பூஸ்ட்’ போட்டு இணையத்தில் ஏற்றுகிறவர்கள்மீது எனக்குக் கோபம். காரைக்குடி ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் தனியார் பஸ்ஸில் அதைத்தான் போடுகிறார்கள், சீட்டுக்கு அடியில் பெட்டி வைத்து. அடி இடிக்கிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. 60 ஹெர்ட்ஸை ஏற்றிவிட்டால் முதலில் செத்துப்போவது அந்த நிறுத்தங்கள்தான். இரண்டு சுரத்துக்கு நடுவில் இருந்த சந்து அடைபட்டு, நடந்துகொண்டிருந்தவர் உருளத் தொடங்குகிறார். அப்பா குமிழை இடதுகோடியில் வைத்து பேஸை இல்லாமல் செய்தார். இவர்கள் வலதுகோடியில் வைத்து அதே வேலையைச் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் அப்பாவின் குழாய் பரவாயில்லை, அது பொய் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இப்போது 68 வயது. நாற்பது வருடம் குழாய்க்கு அடியில் நின்ற காது. மேல் அதிர்வுகள் போய்விட்டன. ‘ச’வும் ‘த’வும் ‘க’வும் அவருக்கு ஒன்றுதான். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அதனால் கோயில் விசேஷத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். காதுமிஷின் வாங்கிக் கொடுத்தேன், “குழாய் மாதிரி கத்துது” என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். டிவியில் பாட்டு ஓடினால் எழுந்து போய்விடுகிறார். இதை நான் ரொம்ப நாள் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எர்த் கொடுத்த அன்று சாயங்காலம், உறுமல் இல்லாத ஆம்பில் அந்த பேஸை வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைத்தார், ஓடுகிற மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பதுபோல. முழுசாக இரண்டு முறை வாசித்தேன்.

“என்ன பாட்டுப்பா இது?”

சத்தமாகச் சொன்னேன். ஊரில் எத்தனை கல்யாணத்துக்குப் போட்டிருப்பார், கணக்கே இல்லை. நம்பாமல் என்னைப் பார்த்தார்.

“அதுல இது எங்க வருது?”

“முழுக்க வருதுப்பா. மொதல்லருந்து.”

கையை எடுக்கவில்லை. “மறுபடி வாசி,” என்றார். “கொஞ்சம் மெதுவா.”